தாஸோட ஷேவிங் பிரஷ்

பிரேமா: இது ஏன் ஈரமா இருக்கு?

மனோகரன்: எது?

பிரேமா: தாஸோட ஷேவிங் பிரஷ். நீங்க எடுத்தீங்களா?

மனோகரன்: ம்... கொஞ்ச நாளா எடுக்குறேன்.

பிரேமா: என்னாங்க நீங்க? புள்ள ஆசைப்பட்டு பினாங்குல வாங்குனது. உங்களுக்கு வேற பிரஷ் இல்லையா?

மனோகரன்: சும்மா கெடந்தா வீணாப் போயிரும்லா. நீ வேற டப்பாவுல போட்டு மூடி வச்சிருக்க. தொறந்தா பூஞ்ச வாடை.

பிரேமா: தூசி படக்கூடாதுன்னுதான்...

மனோகரன்: காத்து படணும். முடி கீழ பாக்குற மாதிரி தொங்க விடணும். அவன்தான் சொல்லியிருக்கானே.

பிரேமா: எங்கிட்டயும் சொன்னான். ஒருநாள் நான் கொதிக்கிற தண்ணிய ஊத்திட்டேன்... அடியில பசை விட்டுரும், முடியெல்லாம் கொட்டிரும்னு என்னா சத்தம் போட்டான்.

மனோகரன்: உன்னைய சத்தம் போட்டானா? உன் மவனா?

பிரேமா: போட்டுட்டு, அப்புறம் பசார் கடையில சுடச்சுட கொய்தியாவ் நூடுல்ஸ் வாங்கிக் குடுத்தான்.

மனோகரன்: அப்படித்தான் செய்வான்... இங்க கொண்டா. சோப்பு உள்ள தங்கியிருக்கு, நல்லா அலசணும்.

பிரேமா: நான் அலசுறேன். தண்ணி இந்தச் சூடு போதுமா?

மனோகரன்: போதும். முறுக்காத. அமுக்கி விடு... ஆங், இப்ப உதறு.

பிரேமா: முடி ரெண்டு கையோட வருதே.

மனோகரன்: கொட்டத்தான் செய்யும். விடு.

பிரேமா: விடுறதா? தீபாவளிக்கு வந்து கேட்டான்னா?

மனோகரன்: கேட்டா... நான் சொல்லிக்கிறேன்.

பிரேமா: வந்துருவான்ல?

மனோகரன்: வருவான்.

பிரேமா: பார்டர் தாண்டி சியாம் பக்கம் கம்ப்யூட்டர் வேலைன்னு கூட்டிட்டுப் போயி பூட்டி வச்சிட்டானுங்க. பூட்டுனவன் என்னிக்காச்சும் தொறக்கத்தானே வேணும்?

மனோகரன்: தொறப்பான் பிரேமா. நீ சாப்பிட்டியா?

பிரேமா: பேச்ச மாத்தாதீங்க. போன மாசம் மெர்போக்குக்கு எதுக்குப் போனீங்க?

மனோகரன்: யாரு சொன்னா?

பிரேமா: பக்கத்து வீட்டுக் காளியம்மா பாத்துச்சாம்.

மனோகரன்: டயர் பாக்கப் போனேன்.

பிரேமா: நம்ம பாலிங்ல டயர் கடையே இல்லியா?

மனோகரன்: அங்க கொஞ்சம் மலிவு.

பிரேமா: பிரெடி வீடு அங்கதானே... தாஸ் கூட அந்த வேலைக்குப் போன பையன்.

மனோகரன்: இருக்கும்.

பிரேமா: அவன் மட்டும் தப்பிச்சி வந்துட்டான்னு பேசிக்கிறாங்க.

மனோகரன்: ஆயிரம் பேசுவாங்க. நீ போயி யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காத.

பிரேமா: நான் கேக்கல.

மனோகரன்: கேக்காத, சொல்லிட்டேன்.

பிரேமா: கேக்கலன்னுதானே சொல்றேன். நீங்க ஏன் அழுறீங்க?

மனோகரன்: சோப்பு... கண்ணுல பட்டுருச்சி.

பிரேமா: வெறும் தண்ணியிலதானே அலசுறேன். என்னாங்க...

மனோகரன்: உக்காரு. அத கீழ வச்சிட்டு உக்காரு.

பிரேமா: நின்னுக்கிட்டே கேக்குறேன்.

மனோகரன்: பிரெடியப் பாத்தேன். வேலியத் தாண்டி ரெண்டு பேரும் ஆத்துல எறங்கியிருக்காங்க. நம்ம புள்ளைக்கு நீச்சல்...

பிரேமா: போதும்.

மனோகரன்: பிரெடி கைய நீட்டியிருக்கான். புடிக்க முடியல. தண்ணி இழுத்துட்டுப் போச்சாம்... ஒடம்பு கூட கெடைக்கல பிரேமா. அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் சொல்லத்தான் நெனச்சேன். நீ வாசல்லயே நின்னு, தீபாவளிக்கு அவனுக்கு என்ன கலர் சட்டை எடுக்கலாம்னு கேட்ட. எப்படி சொல்லுவேன்? குளிக்கிற ரூம்புக்குப் போயி தாப்பா போட்டேன். இந்த பிரஷ் இருந்துச்சி. சோப்பப் போட்டு மூஞ்சில தேச்சுக்கிட்டே நின்னேன்... அவனே வந்து தொடுற மாதிரி இருந்துச்சி.

பிரேமா: அழுதுருங்க. அழுங்க.

மனோகரன்: உனக்கு அழுகை வரலியா? நான் சொன்னது வெளங்குச்சா?

பிரேமா: பிரெடி வந்த மறுநாளே அவன் அம்மா ஜோன் இங்க வந்து, என் கையப் புடிச்சிக்கிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நீங்க மெர்போக்குக்குப் போனது தெரிஞ்சப்புறம்தான், நீங்களே சொல்லி அழட்டும்னு இன்னிக்கு நோண்டிக் கேட்டேன்... உங்க நெஞ்சு தாங்காதுன்னுதான் அன்னிக்கு நான் சட்டை கலர் கேட்டேன்.