மூன்று பேர் இருக்கையில் நான்காவது ஆள்

‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்று என் மகளிடம் இனி சொல்லலாமா, கூடாதா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

திருநின்றவூரில் ஏறிய மின்சார ரயிலில், எதிரே ஓர் அம்மாவும் கல்யாணமான அவர் மகளும். மகளை மறுபடி அம்பத்தூரில் புருஷன் வீட்டில் விடப் போகிறார் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“குடிச்சா கை நீட்டுறான், இன்னா பண்றது? நீதான்டி அட்ஜஸ்ட் பண்ணிகினு போவணும்.”

ஆவடியில் ஏறிய ஒரு பெண், “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணும்மா” என்றார். மூன்று பேர் இருக்கையில் அவர் நான்காவதாக உட்கார, மகள் ஒடுங்கி இடம் விட்டாள்.

“பாத்தியா, இவ்ளோதான்டி,” என்றார் அம்மா.

“இவங்க எறங்கிடுவாங்கம்மா. அவரு எங்க எறங்குவாரு?”

“உங்கப்பன்கிட்ட நான் இல்லையா?”

“அத பாத்துகினுதான வளந்தேன்.”

அம்பத்தூரில் மகளே பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினாள்.

புதிதாக யாரோ ஏறினார்கள். பக்கத்திலிருந்த என் நான்கு வயது மகள், கேட்காமலே நகர்ந்து இடம் விட்டாள். அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். இடம் விடவும் தெரிய வேண்டும், எங்கே விடக்கூடாது என்றும் தெரிய வேண்டும். இதைக் குழந்தைக்கு எப்படிச் சொல்லித் தருவது? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.