நெஞ்சுப் படத்துல வெள்ளை

எனக்கு டிக்கெட்டு வேணாம் தம்பி. இப்படி ஓரமா நின்னுக்கறேன், உனக்கு இன்னா தொந்தரவு? கேட்டு தொறக்க இன்னும் நேரம் இருக்குதுல்ல. ஆமா, தொண்டூருதான். மொத பஸ்ஸுக்கே வந்துட்டேன்.

எங்க வூட்டுக்காரருக்கு இந்த ராஜகிரி கோட்ட மலைன்னா உசுரு. மார்க்கெட் கமிட்டியில நெல்லு மூட்ட தூக்கறவரு. சித்திரையில மேல இருக்கற கமலக்கண்ணி அம்மன் கோயிலுக்கு ஏறுவாரு பாரு, வயசுப் பசங்க பாதியில குந்திக்கினு மூச்சு வாங்குவானுங்க, இவரு மேல நின்னுக்கினு வாங்கடான்னு கூப்புடுவாரு.

போன வருசம் இருமல் நிக்கலன்னு விழுப்புரத்துல ஸ்கேன் எடுத்தோம். நுரையீரல்ல ஒண்ணுமில்ல. ஆனா டாக்டரம்மா கம்ப்யூட்டர்ல காட்டுனாங்க, நெஞ்சுக்கு ரத்தம் போற கொழாயில வெள்ள வெள்ளையா. போர்த்தண்ணி பைப்ப அறுத்துப் பாத்தா உள்ள உப்பு கட்டியிருக்கும்ல, அப்படி. கொழாய் கெட்டியாயிட்டு வருது, வெளிய ஒண்ணும் தெரியாது, பீடிய வுட்டுடணும், மாத்திரைய வுடக்கூடாதுன்னாங்க.

இவரு சிரிச்சாரு. எங்க பக்கம் ஒருத்தன் ஒடம்பு எப்படின்னு மலையத்தான் கேப்போம். ராஜகிரி ஏறி எறங்கிட்டா அவனுக்கு நோவு இல்ல, அவ்ளோதான். இவரும் ஏறுனாரு. விசில் அடிச்சுக்கினே எறங்கி வந்தாரு. மிஷினு பொய் சொல்லுதுன்னு தெருவே பேசிச்சு. மாத்திர அட்டைய கூர எரவாணத்துல சொருவுனவருதான், அப்புறம் தொடவேயில்ல.

மலையில ஒண்ணும் ஆவல தம்பி. அடுத்த வாரம் வூட்ல, சமதரையில, சட்ட மாட்டிக்கினு நின்னவரு அப்படியே உக்காந்தாரு, அப்புறம் எழுந்திரிக்கவேயில்ல. ஒரு கை சட்டைக்குள்ள, ஒரு கை வெளிய.

டாக்டரம்மா கிட்ட போயி கேட்டேன், அவ்ளோ பெரிய மலைய ஏறுனாரேம்மான்னு. கொழாயில அது இருந்தாலும் மூட்டயும் தூக்கலாம், மலையும் ஏறலாம், என்னிக்கு அங்க ரத்தம் உறைஞ்சு அடைக்குதோ அன்னிக்குத்தான் தெரியும்னாங்க.

இப்பல்லாம் விடியக்காலைல வூட்டுக்குள்ள மூச்சு வாங்கற சத்தம் கேக்குது. எழுந்து பாத்தா பையன் தூங்கறான். அவன் மூச்சா, அவங்க நைனா மூச்சான்னு புரியல. கிட்ட குந்திக்கினு கேட்டுக்கினே இருக்கறேன். பயமா இருக்குதுப்பா.

ரஞ்சித்துன்னு பேரு. முப்பது கூட ஆவல. பைக்குல வுழுந்தான்னு போன வாரம் நெஞ்ச ஸ்கேன் எடுத்தாங்க. எலும்பு ஒடையல. ஆனா அதே எடத்துல அதே வெள்ள. இந்த வயசுல இருக்கவே கூடாதாம். நேத்து ராத்திரி மாத்திரைய கையில குடுத்தா இன்னா சொன்னான் தெரியுமா, காலைல மலை ஏறிட்டு வந்து சொல்றேம்மான்னான்.

அதான் அவனுக்கு முந்தி வந்துட்டேன். தோ, அவன் வண்டிதான். நீலச் சட்ட. நான் சொன்னா கேக்க மாட்டான், நீ யூனிபாரம் போட்டிருக்கற. இன்னைக்கு மலைய சாத்தியிருக்குதுன்னு சொல்லிடு தம்பி.