தொப்பியைக் கழற்றுவது போல

காபி நன்றாக இருக்கிறது, ஷெரீஃப். மாவட்ட அலுவலகத்தில் ஊற்றிக் கொடுக்கிற கழனித்தண்ணீரை இத்தனை வருடம் குடித்தவனுக்கு இதன் அருமை தெரியும். நான் ஒரு பெண்ணின் மேல் புகார் கொடுக்க வந்திருக்கிறேன். மிரியம் ஆக்டன். மாவட்ட சபையின் செவ்வாய்க்கிழமைக் கூட்டங்களில் இடுப்பில் துப்பாக்கியோடு எனக்கு நேர் பின்னால் உட்காருகிறாள். அதை நீங்கள் நிறுத்த வேண்டும்.

வேட் கிம்ப்ரல் வாயிலிருந்தா இப்படி ஒரு புகார் என்று உங்களுக்குச் சிரிப்பு வரும். நியாயம்தான். அந்தக் கூட்ட அறைக்குள் எல்லார் கண்ணிலும் படும்படி துப்பாக்கியை மாட்டிக்கொண்டு முதலில் நுழைந்தவன் நான். சட்டம் தடுக்கவில்லை. எந்த நேரத்தில் எந்தக் கிறுக்கன் உள்ளே வருவான் என்று யாருக்குத் தெரியும்? வந்தால் தடுக்க ஒருவன் வேண்டாமா? அந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் நான் பார்த்தேன். அதற்கு எனக்குக் கிடைத்தது என்ன? நான் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிக்காரர்கள் எழுந்து போவார்கள். வரிக் குறைப்பு கேட்க வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, வாசலோடு திரும்பிப் போவார்கள்.

எழுத்தர் நடீன் இருக்கிறாளே, அவள்தான் எல்லாரையும்விட மோசம். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குறிப்பெடுக்கிறவள். நான் இரண்டாவது வரிசையில், அவளுக்குப் பின்னால். ஒருநாள் எழுந்து வந்து என்னிடமே கேட்டாள்.

"பின்னாடி ஒருத்தர் துப்பாக்கியோட உக்காந்திருந்தா, மனுஷி எப்படி, வேட், நிம்மதியா வேலை பாக்குறது?"

"உன்னைக் காப்பாத்தத்தாம்மா உக்காந்திருக்கேன்."

"அத என் முதுகுகிட்ட சொல்லுங்க. அது நம்ப மாட்டேங்குது."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாங்கள் ஒன்றும் காட்டுமிராண்டிகள் இல்லை, ஷெரீஃப். ஆயுதம் மாட்டி வருகிற எங்களுக்குள் ஒரு கண்டிப்பான கட்டுப்பாடு உண்டு. அந்த அறைக்குள் துப்பாக்கி உறைப் பக்கம் கை போகவே கூடாது. இடுப்பில் அரித்தாலும் வெளியே போய்த்தான் சொறிய வேண்டும். இதையெல்லாம் எத்தனை முறை எடுத்துச் சொல்லியிருப்பேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. நடீன் ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி, கட்டடத்துக்குள் துப்பாக்கியே கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தாள். அது நிறைவேறிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் காவல் காத்த அறைக்குள் நானே வெறும் இடுப்போடு வர வேண்டும். யோசித்துப் பாருங்கள்.

டெர்ரி ஆக்டன் அந்தக் குளிர்காலத்தில்தான் என் வீட்டுக்குப் பக்கத்தில் குடிவந்தான். போர்ட்லாண்ட் நகரத்திலிருந்து வந்த நல்ல பையன். தன் தெருவில் பனி அள்ள வண்டி வருவதில்லை என்று கூட்டத்துக்கு வந்து கத்துவான். தொண்டைதான் பெரிது, மனசு சாது. எங்களோடு ஒட்டிக்கொள்ள ஆசை. எல்க் மான் வேட்டைக்கு என்னோடு வந்தான். என்னைப் பார்த்து ஒரு கைத்துப்பாக்கியும் வாங்கினான். கூட்டத்துக்கு அதை மாட்டி வரலாமா, அங்கே என்ன வழக்கம் என்று கேட்டான்.

நான் சொன்னேன்: "தாராளமா வா. பேசக் கூப்பிட்டா தொப்பியக் கழட்டுவோம்ல, அது மாதிரிதான். மைக்குக்கு முன்னால போய் நின்னதும் துப்பாக்கிய எடுத்து மேசைல வெச்சிடணும். பெரியவங்களுக்குக் குடுக்குற மரியாதை."

"நல்லவேளை சொன்னீங்க, வேட். இல்லன்னா எல்லார் முன்னாலயும் அசிங்கமாப் போயிருக்கும்."

ஆமாம், அதை எழுதிக்கொள்ளுங்கள். அப்படி ஒரு வழக்கம் கிடையாது.

தீர்மானம் ஓட்டுக்கு வந்த நாளில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக் இடது சுவரோரம் இருக்கிறது. பின்னால் முழுச் செங்கல் சுவர், குறுக்கே ஆள் இல்லை. அதையெல்லாம் நான் முன்பே பார்த்து வைத்திருந்தேன். பொறுப்பில்லாதவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. அவன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். பனி வண்டியைப் பற்றி வழக்கம் போல உரத்த குரலில் ஆரம்பித்தவன், ஞாபகம் வந்து நிறுத்தினான். துப்பாக்கியை உறையிலிருந்து மெதுவாக எடுத்தான். இரண்டே விரலால் பிடித்திருந்தான். சரியாகச் செய்கிறேனா என்று கேட்பது போல என் பக்கம் திரும்பிச் சிரித்தான். நான் இரண்டு முறை சுட்டேன்.

அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும். பிறரைக் காப்பாற்றச் சுட்டதாக உங்கள் ஆட்களே எழுதிக் கொடுத்தார்கள். நடீன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க இல்லன்னா நாங்க யாருமே உயிரோட இருந்திருக்க மாட்டோம்" என்றாள். தீர்மானத்தை அவளே திரும்ப வாங்கிக்கொண்டாள். அன்று எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். ஒரே ஒருவன் போனான். ஒரு மாவட்டமே புரிந்துகொண்டது. டெர்ரிக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். அவன் உதவி செய்கிற ரகம்.

பிறகு டெர்ரியின் மனைவி மிரியம் வர ஆரம்பித்தாள். அவனுடைய அதே உறையை மாட்டிக்கொண்டு, மூன்றாவது வரிசையில் என் முதுகுக்குப் பின்னால். பேச மாட்டாள். கை இரண்டும் மடியில்தான். விதிப்படி எந்தத் தப்பும் இல்லை, எனக்கே தெரியும். ஆனால் கூட்டம் முடிவதற்குள் என் சட்டை நனைந்துவிடுகிறது. ராத்திரி சோறு இறங்குவதில்லை.

போன செவ்வாய், இடைவேளையில் நாங்கள் மிளகாய் பர்ரிட்டோ தின்றுகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். நடீனும் இருந்தாள்.

"வேட், அடுத்த கூட்டத்துல பேச நானும் பேர் குடுத்திருக்கேன். மைக்குக்கு முன்னால போனதும் துப்பாக்கிய எடுத்து மேசைல வெக்கணும்ல? தொப்பியக் கழட்டுற மாதிரி? அவர் அந்தக் கூட்டத்துக்கு முந்தின நாள் சாப்பிடும்போது சொன்னாரு. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாம்."

நடீன் வாயில் இருந்ததை விழுங்காமல் என்னையே பார்த்தாள். நான் என்ன சொல்ல முடியும், ஷெரீஃப்? ஆமாம் என்றால் அவள் கையில் துப்பாக்கி வந்துவிடும். இல்லை என்றால், டெர்ரியிடம் ஏன் சொன்னாய் என்று நடீன் கேட்பாள். காபி குடிக்கிற மாதிரி நடித்துவிட்டு வெளியே வந்தேன்.

இதற்கு மேல் ஒளிக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கையெழுத்தும் போடுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. வருகிற செவ்வாய்க்கு முன்னால் அந்தக் கட்டடத்துக்குள் துப்பாக்கி கூடாது என்று உத்தரவு போடச் சொல்லுங்கள். பின்னால் ஒருத்தி துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தால், மனிதன் எப்படி நிம்மதியாகக் காவல் காப்பது?