மூட்டத்துக்கு ஓர் ஆள்

அம்பாசமுத்திரத்தில் அரிசி ஆலை வேலையை விட்டுவிட்டுத் துணிப்பையோடு நடந்துகொண்டிருந்தேன். வழியில் வந்த திருநெல்வேலிப் பேருந்தில் ஏறினேன். முன் இருக்கையில் மடியில் கேமராப் பெட்டியோடு ஓர் இளைஞர். அவர் பக்கத்தில் இருந்த பெரியவர் சுடுகாட்டில் பிணம் எரிப்பவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"அண்ணாச்சி, நீங்களே பிணமாப் படுத்துருங்களேன்."

"நான் படுத்தா மண்ணு பூசி மூட்டம் போடுதது யாருவே? அந்த வேலையத்தான ஒம்ம படத்துல காட்டணும்ங்கீரு?"

"என்ன செய்ய? செத்த வீட்டுக்காரங்க ஒருத்தரும் எடுக்க விடமாட்டேங்காங்க. கேமரா வாடகைக்கு எடுத்தது. நாளைக்கு எடுக்கலன்னா படமே இல்ல."

"அப்ப நீரு படும்."

"கேமராவ யாரு பிடிப்பா? எங்க அம்மா கேட்டா வெளக்கமாத்த எடுத்துருவா."

"அதாம்வே. பெத்தவளோ கட்டுனவளோ இருக்குதவன் எவனும் உசுரோட வறட்டி மேல படுக்க மாட்டான். வீடு வாசல் இல்லாதவனாப் பாரும்."

"அப்படி ஒருத்தன எங்கன போய்த் தேட?"

"நாட்டுல இல்லாமலா போயிட்டான்?"

இருவரும் சிரித்தார்கள். வண்ணாரப்பேட்டையில் இறங்கினார்கள். நானும் இறங்கினேன்.

மறுநாள் காலையில் ஆற்றங்கரைச் சுடுகாட்டில், அடுக்கிய வறட்டிகளின் மேல் கண்ணை மூடிப் படுத்தேன். பெரியவர் என்மேல் வைக்கோலைப் பரப்பி ஈரமண்ணைப் பூசினார். வெயிலுக்கு அது குளிர்ச்சியாக இருந்தது.

"மூச்ச பைய விடும்வே, மண்ணு வெடிக்கி" என்றார்.

பைய விட்டேன்.