மூணாவது மாடல்

கைய எடுங்க தம்பி. பைக் டேங்க்கைத் தொடாமலே பேசலாம். விளம்பரத்துல என்ன போட்டேனோ அதான் வண்டி. மொத மாடல். ஜப்பான்காரன் மொதமொதல்ல இறக்கினானே, அதே.

என்ன, இல்லையா? கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லுங்களேன், எனக்குக் காது மந்தம்.

முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க் தலைகீழா இருக்குதா? அது மூணாவது மாடல்லதான் வந்துச்சா? ஏன், எது தலை எது கால்னு அந்த ஃபோர்க்கே உங்ககிட்ட வந்து சொல்லுச்சாக்கும்.

போனை நீட்டாதீங்க. நாலு போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்துட்டா நிபுணர் ஆயிடுவீங்களா? வாயால சொல்லுங்க. இப்படி வந்து நின்னு சொல்லுங்க. ஆமா, இந்த ஜன்னல்கிட்ட. இங்கதான் வெயில் இல்லை.

ம். மொத மாடலுக்கு முன் சக்கரம் பதினாறு இன்ச், இதுக்குப் பதினேழு. இருக்கட்டும், எவனாவது மாத்திப் போட்டிருப்பான். பின் சக்கரத்தைத் தாங்குற ஸ்விங் ஆர்ம் அதுல நேரா இருக்கும், இதுல வளைஞ்சிருக்கு. பாரம் தாங்குனா எதுவும் வளையும் தம்பி. என் முதுகைப் பாருங்க.

சிரிக்காதீங்க. பத்திக்கிட்டு வருது எனக்கு.

சேஸிஸ் நம்பரா? குனிஞ்சு நல்லா படிங்க. நீங்க படிச்சு முடிச்சாலும் நான் மொத மாடல்னுதான் சொல்லுவேன்.

ஏமாத்துக்காரியா நான்? சரி, அப்படியே வெச்சுக்கோங்க. பொய்யா விளம்பரம் போட்டு உங்க அரை நாளைக் கெடுத்துட்டேன். ஹெல்மெட்டை ஏன் எடுக்கிறீங்க? நில்லுங்க. அட, நில்லுங்கன்னா.

மூணாவது மாடல்தான். எனக்குத் தெரியாதா? கல்யாணமான புதுசுல நானும் எங்க வீட்டுக்காரரும் ரோட்டுல நடந்து போவோம். எதிர்ல இந்த மாதிரி ஒண்ணு வந்தா என் கைய உதறிட்டு அது பின்னாடி ஓடுவார். நான் துணி காயப்போடுறப்பக்கூட வந்து நின்னு பாடம் எடுப்பார். மீட்டர் முகம் கறுப்பா வெள்ளையா, ஹெட்லைட்டுக்குக் கீழ காத்து இழுக்கிற ஓட்டை இருக்கா இல்லையா. யாராவது மாத்திச் சொல்லிட்டாப் போதும், சோத்துத் தட்டை அப்படியே போட்டுட்டு மல்லுக்கு நிப்பார்.

அந்த மனுஷன் ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருக்கார். மூளையில ரத்தக்குழாய் அடைச்சு விழுந்தவர்தான், அப்புறம் வாயைத் திறக்கலை. பேச்சு திரும்பும்னு எதிர்பார்க்காதீங்கன்னு டாக்டர் கைய விரிச்சுட்டார். நிஜமாவே வித்துடலாம்னுதான் மொத விளம்பரம் போட்டேன். சரியாத்தான் போட்டேன், மூணாவது மாடல்னு. வந்தவன் ஒரு அரைகுறை. சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, ஏங்க, இது மொத மாடலாச்சேன்னான். உள்ளேர்ந்து ம்ஹூம்னு ஒரு சத்தம்.

பொண்ணு ஃபோன்ல அப்பா அப்பான்னு அழுவுறா, அதுக்கு வராத சத்தம். பக்கத்துல உக்காந்து தலையைத் தடவிக்கிட்டு நான் கூப்பிடுறேனே, அதுக்கு வராத சத்தம். இந்தத் தகர டப்பாவுக்கு வருது. எனக்குக் கோவம் வராதா, நீங்களே சொல்லுங்க?

அதான் விளம்பரத்தைத் தப்பா மாத்திப் போட்டேன். எவனாவது நம்பிக்கிட்டு வந்து உளறுவான்னு பார்த்தா, விஷயம் தெரிஞ்ச நீங்க வந்து வாய்ச்சீங்க. நீங்க சரியாச் சொல்லச் சொல்ல, உள்ள ஒத்துக்கிட்டுப் பேசாமப் படுத்திருக்கார். நான் தப்பாச் சொன்னா கண்டுக்க மாட்டார். இவளுக்கு என்ன தெரியும்னு அப்பலேர்ந்தே ஒரு நினைப்பு.

வண்டி விக்கிறதுக்கில்லை தம்பி. கெளம்புறதுக்கு முன்னாடி அந்த ஜன்னலைப் பார்த்து ஒரே ஒரு தடவை, மொத மாடல்தான்னு அடிச்சுச் சொல்லிட்டுப் போங்க. சண்டைக்கு வரட்டும்.