மெரினோட வலது காது

மெதுவா பேசுங்க பலராமண்ணே, ரிச்சர்ட் உள்ள தூங்கறாரு. நைட் ஷிப்ட் முடிச்சு இப்பதான் படுத்தாரு. அந்தத் துணியத் தள்ளிட்டு உக்காருங்க.

வீராம்பட்டினம் தேருக்கு அட்வான்ஸ் வாங்கிட்டீங்க, உங்க சவுண்ட் செட்டு போலீஸ் ஸ்டேஷன்ல கெடக்குது. அதான் நான் குடுத்த கம்ப்ளெயிண்ட்ட வாபஸ் வாங்கச் சொல்றீங்க. கெடக்கட்டும். எம் பொண்ணு ஞானஸ்நான விருந்துல சவுண்டக் கொறைங்கன்னு ரெண்டு தடவ வந்து கேட்டேன். சத்தம் இல்லாம என்னம்மா ஃபங்ஷன்னு சிரிச்சீங்க. மறந்திருக்க மாட்டீங்க.

காதுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியுமாண்ணே? டாக்டர் படம் காட்டினாரு. நத்தை ஓடு மாதிரி ஒண்ணு, பட்டாணி அளவுதான். அதுக்குள்ள வரிசையா செல்லு, ஒவ்வொண்ணு தலையிலயும் முடி மாதிரி ஒரு கத்தை. சத்தத்துக்கு அது அசைஞ்சாதான் மூளைக்குச் சேதி போகும். சத்தம் ஜாஸ்தியானா சாஞ்சுடும், ஒடஞ்சுடும். அதோட விடுதா? ஓயாம வேல செஞ்ச செல்லுக்குள்ளயே விஷம் சேந்து, சத்தம் நின்னப்புறமும் நாள் கணக்குல செத்துக்கிட்டே இருக்குமாம். ஒரு காதுக்குப் பதினஞ்சாயிரம், அவ்ளோதான். கோழிக்குச் செத்தாலும் திரும்ப முளைக்குமாம். அன்னிக்கு விருந்துல பிரியாணி ஆச்சே, அந்தக் கோழிக்கு. எம் பொண்ணுக்கு முளைக்காது.

பொறந்தப்ப டெஸ்ட்ல பாஸ்ணே இவ, மெரின். காதுல சின்னதா ஒண்ணு சொருகி டிக்டிக்னு சத்தம் விடுவாங்க, நல்ல காதுன்னா உள்ளேர்ந்து அதுவும் மெல்ல ஒரு சத்தம் குடுக்கும். போன மாசம், ஏழு மாசக் கொழந்தையா திரும்பக் கூட்டிட்டுப் போனோம். இடது காது பதில் குடுத்துச்சு. வலது சும்மா கெடந்துச்சு.

விருந்து போட்டோல்லாம் காட்ட வேணாம்ணே. எனக்கே தெரியும். நான்தானே தூக்கி வச்சிருந்தேன். வலது காது என் நெஞ்சுல அழுந்தியிருந்துச்சு, உங்க ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கம் இருந்தது இடது.

டாக்டரும் கேட்டாரு, வீட்ல வேற ஏதாச்சும் சத்தம் உண்டான்னு. ரிச்சர்ட் இல்லன்னாரு. பகலெல்லாம் தூங்கறவருக்கு என்ன தெரியும். புள்ள அழுதா எழுந்து வந்து கதவ உதைப்பாரு, அது தெரியும்.

அதான் இவ அழாம தூங்கட்டும்னு போன்ல மழைச் சத்தம் வச்சேன். தொட்டில்ல, துணிக்கடியில. மொதல்ல மெதுவாதான். அதுக்கும் முழிச்சுக்க ஆரம்பிச்சா, ஃபுல்லா வச்சேன். அவரு ரூமுல ஏசி ஓடும், கேக்காது. தெனம் ஆறு மணி நேரம், அஞ்சு மாசம். வலது பக்கமாதாண்ணே ஒருக்களிச்சுப் படுப்பா.

இப்ப அந்த மழைச் சத்தத்த போன்லேர்ந்து அழிச்சுட்டேன். தூக்கி வச்சுக்கிட்டே நடக்கறேன்.

இல்லண்ணே, வாபஸ் வாங்க மாட்டேன். வாங்கினா அவரு ஏன்னு கேப்பாரு. நீங்க யார்கிட்ட வேணா சொல்லுங்க, நான் இல்லன்னுதான் சொல்லுவேன். கான்வென்ட்ல படிச்ச பொண்ணு, என்னத்தான் நம்புவாங்க.

கதவ மெதுவா சாத்திட்டுப் போங்க. எழுந்துடப் போறாரு.