லாவோசில இப்ப மூண்டு மணி

கஜதீபன்: ...பிறகு பாருங்கோ மாமி, காலமை ரெண்டு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டம். றோட்டுக்கு ரெண்டு பக்கமும் வயல். பச்சைப் பசேலெண்டு...

யோகமலர்: நெல்லு வயலோ?

கஜதீபன்: நெல்லுத்தான்.

யோகமலர்: வாய்க்கால், வரம்பு, எருமை?

கஜதீபன்: எல்லாம் இருக்கு மாமி!

யோகமலர்: அட கோதாரி. உதெல்லாத்தையும் விட்டிட்டு உயிர் தப்பி டென்மார்க்குக்கு ஓடி வந்தனாங்கள். நீ லாவோஸ் வரைக்கும் பிளேனில போய் அதுக்க சைக்கிள் ஓடுறாய். உன்ர மனுசி என்ன சொல்லுறா?

சயந்தினி: சந்தோசம் மாமி. கஜன் சொல்லுறவரெல்லோ, ஹோட்டல் பூலுக்க கிடக்கிறது பயணமில்லையெண்டு.

யோகமலர்: ஓமோம். கலைவிழாவில மைக்கைப் பிடிச்சுச் சொன்னவர். நான் அப்பதான் மயோர்க்காவில ஹோட்டல் பூலுக்க கிடந்திட்டு வந்து முன்வரிசையில குந்தியிருக்கிறன். என்னைப் பாத்துக்கொண்டே சொன்னவர்.

கஜதீபன்: ஐயோ மாமி, உங்களைச் சொல்லேல்லை...

யோகமலர்: "தோளில ஒரு பை, காலில ஒரு செருப்பு, அதுதான் பயணம்." சனம் கைதட்டினது. அண்ணையின்ர மோனெல்லோ எண்டு நானும் தட்டினனான். ...அதென்ன சத்தம்?

கஜதீபன்: எது?

யோகமலர்: கடற்காகம் கத்தின மாதிரிக் கிடக்கு. லாவோசில கடலே இல்லையெண்டு கூகிள் சொல்லுது.

கஜதீபன்: அது... கோழி மாமி. லாவோஸ் கோழி.

யோகமலர்: கூரைக்கு மேலால பறந்து பறந்தெல்லோ கத்துது?

கஜதீபன்: ஓ... ஓம். இஞ்சத்தக் கோழி பறக்கும்.

சயந்தினி: மாமி, லைன் விட்டு விட்டு வருது, ஒரு நிமிசம் நில்லுங்கோ... கஜன், மியூட்டைப் போடு! போட்டியா?

கஜதீபன்: போட்டிட்டன், கதை.

சயந்தினி: லாவோஸ் கோழியாம்! உன்ர வாயில வேற ஒண்டும் வரேல்லையோ?

கஜதீபன்: இஞ்ச டென்மார்க்கிலயே ஸ்கீவக் கடற்கரையில ஒரு லீவு வீட்டை வாடகைக்கு எடுப்பம், எங்கட ஆக்கள் ஒருத்தரும் வராத இடம் எண்டு சொன்னது ஆர்? நீதான!

சயந்தினி: பாஸ்போட் முடிய நாலு மாதம்தான் கிடக்கு எண்டு பாக்காமல் ஏர்போட்டில போய் நிண்டது ஆர்? ஆறு மாதம் இருக்கோணும் எண்டு அந்தக் கவுண்டர்ப் பெட்டை சொல்லேக்க உன்ர முகத்தைப் பாத்திருக்கோணும்.

கஜதீபன்: பேசாமல் வீட்டையே திரும்பிப் போயிருக்கலாம்.

சயந்தினி: போயிருக்கலாம்! நீதான அழாக்குறையா நிண்டனி. "ஹோர்சன்ஸில எங்கட சனம் முழுக்கச் சிரிக்கும், இனி நான் எந்த மேடையில ஏறுறது" எண்டு. மூண்டு கிழமை ஒளிச்சிருக்கோணும், இப்ப ஒண்டுதான் முடிஞ்சிருக்கு. மாமிக்குத் தெரிஞ்சுதோ, மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் கதை மாமியின்ர விபோர்க்கில இருந்து எங்கட ஹோர்சன்ஸ் வரைக்கும் போயிடும்.

கஜதீபன்: வடிவாச் சொன்னாத் தெரியாது. மியூட்டை எடு, எடு.

சயந்தினி: மாமி? கேக்குதோ?

யோகமலர்: கேக்குது பிள்ளை. நல்லாக் கேக்குது. அங்க இப்ப என்ன நேரம்?

சயந்தினி: பின்னேரம் மூண்டு மணி.

யோகமலர்: இஞ்ச பத்தாகப் போகுது. சரி, எருமையில விட்டனீங்கள்.

கஜதீபன்: பிறகு ஒரு மூங்கில் பாலம் மாமி. கீழ ஆறு. கால் வைச்சா ஆடும். சயா பயத்தில கத்தினவ.

சயந்தினி: நானோ கத்தினது? நீதான முழங்காலில தவண்டு போனனி.

கஜதீபன்: நானோ?

சயந்தினி: ஓம். பின்னால கூடையோட வந்த மனுசி உன்னை விலத்திக்கொண்டு போனவ.

யோகமலர்: நல்லது, நல்லது. நீங்கள் சண்டை பிடிக்கிறதைப் பாத்தா உண்மையாப் போன ஆக்கள் மாதிரித்தான் கிடக்கு.

கஜதீபன்: உண்மையாத்தான மாமி போனனாங்கள்...

யோகமலர்: இல்லையெண்டு நான் சொன்னனானோ? சாப்பாடு?

கஜதீபன்: ஒரு கமக்காரர் வழியில மறிச்சு வீட்டை கூட்டிக்கொண்டு போனார். ஒட்டுற சோறு, கையால உருட்டிச் சாப்பிடுறது. சுட்ட மீன். பாசை ஒண்டும் விளங்கேல்லை. ஆனா மனுசர் மாமி, மனுசர்! இஞ்ச டெனிஷ்காரன்... அங்க டென்மார்க்கில எண்டு சொல்லுறன்... பத்து வரியம் பக்கத்து வீட்டில இருந்தாலும் கதவு திறக்கான்.

யோகமலர்: ம்ம். கதவு திறக்காத ஆக்கள் கனபேர்தான். நேற்று பேஸ்புக்கில போட்ட படத்தில ஒரு வாழைமரத்தடியில நிண்டாய்?

கஜதீபன்: ஓம், அந்தக் கமக்காரற்ற தோட்டம்.

யோகமலர்: மரத்தில விலைச்சீட்டுத் தொங்குது.

கஜதீபன்: அது... அரசாங்கம் நம்பர் போடுறது மாமி. ஒவ்வொரு மரத்துக்கும்.

யோகமலர்: டென்மார்க் குரோனரிலயோ?

சயந்தினி: மாமி, நீங்கள் இப்ப எங்க நிக்கிறியள்? ஒரே காத்துச் சத்தமாக் கிடக்கு.

யோகமலர்: நானோ? வேற எங்க... ஒபிசிலதான். கொம்மூனில, எங்கட நகரசபையில.

சயந்தினி: சனிக்கிழமையோ? கொம்மூன் பூட்டெல்லோ?

யோகமலர்: ...மேலதிக வேலை. பைல் கனக்கக் கிடக்கு.

சயந்தினி: ஒபிசுக்குள்ளயும் காத்தடிக்குதோ?

யோகமலர்: யன்னல் திறந்து கிடக்கு! என்ன பிள்ளை பொலிஸ்காரி மாதிரிக் கேக்கிறாய்? வீடியோவைப் போடு, எருமையைக் காட்டு எண்டு நான் உங்களைக் கேட்டனானோ?

கஜதீபன்: வேண்டாம் வேண்டாம் மாமி, இஞ்ச நெட் காணாது...

யோகமலர்: அப்ப நீயும் கேளாதை, நானும் கேக்கேல்லை.

சயந்தினி: கஜன், மியூட். ...ஏன் மாமி அப்பிடிப் பாஞ்சவ? நான் என்ன பிழையாக் கேட்டனான்?

கஜதீபன்: அதை விடு. ஆரோ கதவைத் தட்டுகினம்.

சயந்தினி: ஐயோ, கிளீனிங் ஆள்! இண்டைக்குப் பத்து மணிக்கு இந்த வீட்டை விட்டு அடுத்த வீட்டுக்கு மாறோணுமெல்லோ. உன்ர உடுப்பு முழுக்கக் கட்டிலில கிடக்கு.

கஜதீபன்: மாமியின்ர போனை முதல் வைப்பம். பிறகு போய் அந்த ஆளிட்டை ஐஞ்சு நிமிசம் கேப்பம். ...மாமி, இஞ்ச மழை இருண்டுகொண்டு வருது. பிறகு எடுக்கிறமே?

யோகமலர்: வரட்டும், வரட்டும். ஒண்டு சொல்லிப்போட்டு வை. உன்ர சிவப்புக் காரை எங்க விட்டிட்டுப் போனனி?

கஜதீபன்: ஹோர்சன்ஸில. வீட்டடியில.

யோகமலர்: பின்கண்ணாடியில வேல் ஒட்டின கார்தான?

கஜதீபன்: ஓம். ஏன் மாமி?

யோகமலர்: ஒண்டுமில்லை. அதைக் கண்டிட்டுத்தான் போன் எடுத்தனான்.

சயந்தினி: ...மாமி?

கஜதீபன்: மாமி, நான்... நாங்கள்... பாஸ்போட்...

யோகமலர்: நாலு மாதம்தான் கிடந்தது, தெரியும். போனைத்தான் அடைச்சனீங்கள், யன்னலை அடைக்கேல்லை. உன்ர மேடைக் கதைக்கு இண்டைக்கு வயிறு குலுங்கச் சிரிச்சன் தம்பி. விபோர்க்கில பத்துப் பேருக்காவது சொல்லோணும் எண்டுதான் வாசலில நிண்டனான்.

சயந்தினி: மாமி, கும்பிட்டுக் கேக்கிறம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ. இவர் தாங்கமாட்டார். ...ஆனா நீங்கள்... இந்த வீட்டு வாசலில என்ன செய்யிறியள்?

யோகமலர்: கதவைத் திற பிள்ளை, வாளி பாரம், கை நோகுது. கொம்மூனில என்னை மாசி மாசமே நிப்பாட்டிப் போட்டாங்கள். மாமாவுக்கு இன்னும் தெரியாது. ஒவ்வொரு நாளும் ஒபிஸ் உடுப்போட வெளிக்கிட்டு, காருக்க இருந்து மாத்திப்போட்டு, வீடு வீடாத் துடைக்கிறன். பின்னேரம் அடுத்த ஆக்கள் வருகினம், அதுக்குள்ள முடிக்காட்டி இந்த வேலையும் போயிடும். நீங்கள் லாவோசில நில்லுங்கோ, நான் ஒபிசில நிக்கிறன். திற.